எஃப்8 தட்டினால் ஒரு வாக்கியம் போகவேண்டும், சில நேரம் அத்தியாயமே போகிறது (ரீப்பர் + ஆட்டோஹாட்கீ)

இரவுக்காது:

வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருந்தபடி தமிழ் ஒலிநூல்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். விண்டோஸ் 10, ஒலி எடிட்டிங்குக்கு ரீப்பர் மென்பொருள். வாசிப்பவர் எங்காவது தடுமாறினால் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படிப்பார். முதலில் படித்ததை நீக்கிவிட்டு, திரும்பப் படித்ததை முன்னால் இழுத்துச் சேர்ப்பதுதான் என் வேலை. 40 நிமிட அத்தியாயத்தில் இப்படி அறுபது எழுபது இடம் வரும்.

கையால் செய்யும்போது தவறான பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுப்பேன், ஷிஃப்ட்+எஸ் அடித்தால் இரண்டு ஓரத்திலும் வெட்டு விழும், டெலீட், அப்புறம் ஸ்பேஸ். ரிப்பிள் எடிட்டிங் ஆனில் இருப்பதால் பின்னால் உள்ளது தானாக முன்னே வந்துவிடும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை இதையே செய்து மணிக்கட்டு போய்விட்டது என்பதால் ஆட்டோஹாட்கீயில் (நமக்குப் பதில் கீ அழுத்தும் மென்பொருள்) சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். எஃப்8 தட்டினால் ஷிஃப்ட்+எஸ் அனுப்பும், 50 மில்லிசெகண்ட் பொறுக்கும், டெலீட் அனுப்பும், மறுபடி 50, கடைசியில் ஸ்பேஸ். அவ்வளவுதான்.

பிரச்சினை என்னவென்றால் ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது, மறுநாள் சொதப்புகிறது. சொதப்பும்போது வெட்டு விழுவதில்லை, ஆனால் டெலீட் மட்டும் போய்ச் சேர்கிறது, அதாவது தேர்வில் இருக்கும் முழு அத்தியாயமும் காணாமல் போகும். கன்ட்ரோல்+இசட் போட்டு மீட்டுக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் இரவு இரண்டு மணிக்கு, ஏழாம் அத்தியாயத்தில் கடைசித் திருத்தம் என்று எஃப்8 தட்டிவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல் கன்ட்ரோல்+எஸ் அடித்து மூடிப் படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் ஏழு இல்லை, ஆறுக்குப் பின் எட்டு ஓடுகிறது. ஒலிப்பதிவுக் கோப்பு அப்படியே இருக்கிறது, அது வரைக்கும் நல்லது, ஆனால் மூன்று மணி நேர எடிட் போனது போனதுதான்.

50-ஐ 200 ஆக்கினேன், 500 ஆக்கினேன், வேகம் குறைந்ததே தவிர வேறொன்றும் மாறவில்லை. எத்தனை மில்லிசெகண்ட் வைத்தால் சரியாக வரும்? இல்லை இதற்கு வேறு வழி ஏதாவது இருக்கிறதா? நிரல் எழுதத் தெரியாது, ஆட்டோஹாட்கீகூட அங்கே இங்கே பார்த்து ஒட்டியதுதான்.

கத்திரி_மாமா:

தம்பி, மில்லிசெகண்டில் ஒன்றும் இல்லை. ஆட்டோஹாட்கீ செய்வது கீ அழுத்துவது மட்டும். அழுத்திய கீயை ரீப்பர் வாங்கியதா, வாங்கி என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது, முதல் கீ வேலை செய்ததோ இல்லையோ இரண்டாவதை அனுப்பிவிடும். நீங்கள் டிராக் பெயர் எழுதும் பெட்டியில் இருந்தால் அந்த எழுத்து பெட்டியில் போய் விழும். இன்னொன்று, ரீப்பரில் டெலீட் கீ "எங்கே ஃபோகஸ் இருக்கிறதோ அதை நீக்கு" என்ற வகை. கடைசியாக இடது பக்கம் டிராக் பேனலில் கிளிக் செய்திருந்தீர்கள் என்றால் டிராக்கே போகும். அத்தியாயத்தோடு தப்பித்தீர்கள்.

ரீப்பருக்குள்ளேயே செய்யுங்கள். கேள்விக்குறி கீ அடித்தால் ஆக்ஷன் லிஸ்ட் (ரீப்பரின் கட்டளைப் பட்டியல்) திறக்கும். அதில் புது கஸ்டம் ஆக்ஷன் (பல கட்டளைகளை ஒன்றாகக் கோப்பது) ஒன்று உண்டாக்கி, ஸ்பிளிட் ஐட்டம்ஸ் அட் டைம் செலக்ஷன் (இழுத்துத் தேர்ந்த பகுதியின் ஓரங்களில் வெட்டு, எண் 40061), ரிமூவ் ஐட்டம்ஸ் (தேர்வில் உள்ள ஒலித்துண்டை நீக்கு, 40006) இரண்டையும் வரிசையாகப் போட்டு, எஃப்8-ஐ அதற்குக் கொடுத்துவிடுங்கள். எஃப்8 ஏற்கெனவே வேறெதற்காவது இருந்தால் ரீப்பர் கேட்கும், மாற்றச் சொல்லிவிடுங்கள். லிஸ்டில் எந்த ஆக்ஷன் மீதும் வலது கிளிக் செய்து அதன் எண்ணை நகலெடுக்கலாம். நிரல் ஒரு வரிகூடத் தேவையில்லை.

ப்ரிஃபரன்ஸஸில் அண்டூ வரலாற்றையும் ப்ராஜெக்ட்டோடு சேமிக்க ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் காலையில் திறந்த பிறகும் கன்ட்ரோல்+இசட் வேலை செய்திருக்கும். இன்றைக்கே போடுங்கள்.

நான்காவது_டேக்:

இரவுக்காது, ஒரு கேள்வி. சொதப்பும் நாட்களில் ரீப்பருக்குப் பக்கத்தில் தமிழில் ஏதாவது தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால் எனக்கும் இதேதான் நடந்தது, நான் ரேமைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கிப் போட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இரவுக்காது:

ஆமாம், பிழைப் பட்டியல் எழுதுவேன். "பக்கம் 112, 'அவன்' என்பதை 'அவள்' என்று படித்திருக்கிறார், மறு ஒலிப்பதிவு தேவை" என்ற மாதிரி. நோட்பேடில், தமிழ்99 கீபோர்டு அமைப்பில். அதற்கும் இதற்கும் என்ன...

ஐயோ. இருங்கள்.

இரவுக்காது:

சோதித்துப் பார்த்தேன். கீபோர்டு ஆங்கிலத்தில் இருந்தால் பத்துக்குப் பத்து. தமிழ்99-க்கு மாற்றினால் பத்துக்குப் பத்தும் அத்தியாயம் போகிறது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. மறுபடி ஒலிப்பதிவு செய்ய வேண்டியது அதிகம் இருந்த நாட்களில்தான் சொதப்பியிருக்கிறது, ஏனென்றால் அன்றுதான் நோட்பேடில் நிறைய எழுதுவேன். இரண்டு மாதமாக மில்லிசெகண்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை, அப்படியானால் கன்ட்ரோல்+எஸ் எப்படிச் சேமித்தது?

நான்காவது_டேக்:

தமிழ்99-இல் எஸ் இருக்கும் இடத்தில் இ வருகிறது. உங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பிய ஷிஃப்ட்+எஸ், ரீப்பருக்கு ஷிஃப்ட்+எஸ் ஆகப் போய்ச் சேரவில்லை, அதனால் அது சும்மா இருந்தது. டெலீட், ஸ்பேஸ், எஃப்8 இதெல்லாம் எழுத்து இல்லை, எந்த மொழியிலும் அதே கீதான். கன்ட்ரோலோடு சேர்ந்த கீகளையும் தமிழ் அமைப்புகள் பொதுவாகத் தொடுவதில்லை. ஆக, எஃப்8, ஷிஃப்ட்+எஸ், டெலீட், ஸ்பேஸ், கன்ட்ரோல்+எஸ் என்ற உங்கள் ஐந்து அடியில் பாதுகாப்பான ஷிஃப்ட்+எஸ் மட்டும் விடுபட்டுவிட்டது, ஆபத்தான அடி எல்லாம் நடந்திருக்கிறது. சேமிப்பு உட்பட!

உடனடி மருந்து இரண்டு. விண்டோஸ் அமைப்பில் டைப்பிங் பகுதிக்குள், மேம்பட்ட கீபோர்டு அமைப்புகளில், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி மொழி வைத்துக்கொள்ள ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் நோட்பேடு தமிழிலும் ரீப்பர் ஆங்கிலத்திலும் நிற்கும். விண்டோஸின் சொந்தத் தமிழ்99 என்றால் இது போதும், வெளியிலிருந்து போட்ட தட்டச்சு மென்பொருள் என்றால் அதன் அமைப்பைத் தனியாகப் பாருங்கள். இரண்டாவது, தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ரீப்பரில் அடிக்கடி பயன்படுத்தும் வேலை எதையும் தனி எழுத்துக் கீயில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. எஃப் வரிசை, நம்பர் பேடு, இல்லையென்றால் கன்ட்ரோலோடு சேர்த்து. நம்பர் பேடின் 1-ஐயும் மேல் வரிசை 1-ஐயும் ரீப்பர் வேறுவேறாகத்தான் பார்க்கும், அதனால் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் தனி யுஎஸ்பி நம்பர் பேடு ஒன்று வாங்கிச் செருகினால் பதினைந்து இருபது ஷார்ட்கட் கிடைத்துவிடும்.

அப்புறம் மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்ன கஸ்டம் ஆக்ஷனிலும் அதே ஓட்டை இருக்கிறது. டைம் செலக்ஷன் இல்லாத நேரத்தில் எஃப்8 தட்டினால் 40061 ஒன்றும் செய்யாது, 40006 தேர்வில் உள்ள ஐட்டத்தை நீக்கிவிடும். மறுபடி அத்தியாயம் காலி. கஸ்டம் ஆக்ஷனும் ஒரு அடி நடந்ததா என்று பார்க்காமல் அடுத்ததுக்குப் போவதுதான்.

உங்கள் வேலைக்கு ஒரே ஆக்ஷன் இருக்கிறது: 40201, டைம் செலக்ஷனில் உள்ளதை நீக்கிப் பின்னால் உள்ளதை முன்னே நகர்த்து. வெட்டுவது, நீக்குவது, இடைவெளி மூடுவது மூன்றும் அதுவே. ரிப்பிள் ஆனா ஆஃபா என்ற கவலையும் இல்லை. செலக்ஷன் இல்லையென்றால் சும்மா இருக்கும், அதுதான் முக்கியம். ஒரே எச்சரிக்கை, இது எல்லா டிராக்கிலும் வெட்டும். பின்னணி இசை போட்ட ப்ராஜெக்ட்டில் தொட்டீர்கள் என்றால் இசை நடுவில் குதிக்கும். குரலை முடித்துவிட்டு இசை போடுங்கள்.

கத்திரி_மாமா:

கோபம் எல்லாம் இல்லை, 40201 நினைவுக்கு வரவில்லை. சரியான வழி அதுதான்.

இரவுக்காது:

40201 வைத்து இரண்டு அத்தியாயம் முடித்தேன், அருமை. இப்போது பேராசை. வெட்டியதும் கர்சர் இரண்டு நொடி பின்னால் போய் அங்கிருந்து ஓடினால் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று உடனே கேட்டுவிடலாம். அதோடு தப்பித் தவறி பெரிய பகுதி தேர்வாகியிருந்தால் ஒரு தடவை என்னைக் கேட்கவேண்டும். சூடு கண்ட பூனை நான். இதற்கு லுவா மொழியில் நிரல் எழுதித்தான் ஆகவேண்டுமா?

நான்காவது_டேக்:

"இப்படி இருந்தால் மட்டும் செய்" என்ற பேச்சு வந்துவிட்டால் கஸ்டம் ஆக்ஷன் போதாது, ஸ்கிரிப்ட்தான். பயப்பட வேண்டாம், பத்து வரி தாண்டாது. ரீப்பரில் லுவா, ஈஈஎல்2, பைத்தான் மூன்றில் எழுதலாம். பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், மற்ற இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, அதனால் லுவா.

நிரலை இங்கே ஒட்டினால் மேற்கோள் குறி எல்லாம் வளைந்துபோய், நகலெடுப்பவருக்கு முதல் வரியிலேயே பிழை காட்டும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன், ஃபங்ஷன்களின் சரியான எழுத்துக்கூட்டலை ஹெல்ப் மெனுவில் உள்ள ரீஸ்கிரிப்ட் ஆவணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கெட்செட் லூப் டைம் ரேஞ்ச் என்ற ஃபங்ஷனைக் கேட்டால் செலக்ஷனின் தொடக்கமும் முடிவும் நொடிக்கணக்கில் வரும். இரண்டும் ஒன்று என்றால் செலக்ஷன் இல்லை, அங்கேயே ரிட்டர்ன். வித்தியாசம் 30-க்கு மேல் என்றால் ஷோ மெசேஜ் பாக்ஸில் ஆம்/இல்லை கேளுங்கள், வகை எண் 4. ஆம் என்றால் 6 திரும்பி வரும், 6 வரவில்லை என்றால் மறுபடி ரிட்டர்ன். இந்த இரண்டு வரிதான் உங்கள் ஏழாம் அத்தியாயத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அதற்குப் பிறகு அண்டூ பிகின் பிளாக். மெயின் ஆன் கமாண்டில் 40201. செட் எடிட் கர்சர் பொசிஷனில் தொடக்கம் கழித்தல் 2, அதன் கடைசி இரண்டு மதிப்பும் ட்ரூ, ஒன்று திரையை நகர்த்த, மற்றது ஓடிக்கொண்டிருக்கும் ஒலியும் அங்கே தாவ. அண்டூ எண்ட் பிளாக்கில் "வாக்கியம் நீக்கம்" என்று பெயர், கூடவே கழித்தல் 1. இந்த பிகினும் எண்டும் இல்லையென்றால் உள்ளே நடந்த ஒவ்வொன்றும் தனித்தனி அண்டூவாகப் பதிவாகலாம். இருந்தால் கன்ட்ரோல்+இசட் ஒரே அடியில் முழுவதையும் திருப்பும், எடிட் மெனுவிலும் அந்தத் தமிழ்ப் பெயரே தெரியும். கடைசியில் கெட் பிளே ஸ்டேட் 0 என்றால், அதாவது ஓடவில்லை என்றால், 1007 போட்டு ஓடவிடுங்கள்.

இரண்டாவது ஸ்கிரிப்ட் ஒன்றும் எழுதுங்கள், மவுஸை விடுவதற்கு. எஃப்6 தொடக்கம், எஃப்7 முடிவு. ஓடும்போது கெட் பிளே பொசிஷன், நின்றிருக்கும்போது கெட் கர்சர் பொசிஷன், எது பொருந்துகிறதோ அதை எடுத்து செலக்ஷனின் அந்த ஓரமாக வைத்தால் போதும். ஓடும்போது கெட் பிளே பொசிஷன்தான் வேண்டும், அதன் 2 போட்ட தம்பியை எடுக்காதீர்கள். அது ஒலி அட்டைக்கு அடுத்து அனுப்பப்போகும் இடத்தைச் சொல்லும், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தை இல்லை.

ரீப்பரின் உள் எடிட்டரில் கன்ட்ரோல்+எஸ் அடித்தால் சேமிப்பதோடு ஸ்கிரிப்ட்டை ஓட்டியும் விடும். உண்மையான ப்ராஜெக்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நீக்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். நான் எழுதினேன்.

செவிவழி:

எனக்குப் பார்வை இல்லை, என்விடிஏ திரைவாசிப்பானும் ரீப்பருக்கான ஓசாரா நீட்சியும் வைத்து வேலை செய்கிறேன். மவுஸால் இழுப்பது என்ற வழியே எனக்குக் கிடையாது, ஆரம்பத்திலிருந்தே எஃப்6 எஃப்7 மாதிரி இரண்டு கீயில்தான். வேகமும் ஒன்றும் குறைவில்லை, கண் இருப்பவர்களும் முயன்று பார்க்கலாம்.

ஸ்கிரிப்ட் எழுதிப் பகிர்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் மாறினால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. ஓசாராவில் அவுட்புட் மெசேஜ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதற்கு ஒரு சரத்தைக் கொடுத்தால் திரைவாசிப்பான் படித்துவிடும். நான் "3.2 நொடி நீக்கம்" என்று சொல்லவைத்திருக்கிறேன். வழக்கமாக நாலைந்து நொடி வரும் இடத்தில் நாற்பது என்று கேட்டால் கை தானாக இசட்டுக்குப் போகும். தமிழில் எழுதினாலும் ஈஸ்பீக் பேச்சு மென்பொருளின் தமிழ்க்குரல் படிக்கும். அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று முதலில் ஒரு இஃப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஓசாரா இல்லாதவர்களுக்கு ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும். ஒரு வரி வேலை, யாரும் செய்வதில்லை.

இன்னொன்று, ஓசாரா நிறுவும்போது அதன் கீமேப்பை (எந்தக் கீக்கு எந்த வேலை என்ற பட்டியல்) போடட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லும் முன் ஆக்ஷன் லிஸ்டில் இருந்து உங்கள் கீமேப்பை ஏற்றுமதி செய்து வையுங்கள். மறுபடி ஒவ்வொன்றாக வைப்பது மாதக் கணக்கு வேலை.

கேட்டு எடிட் செய்யும் பழக்கத்தில் சொல்கிறேன், க, ட, த, ப வல்லினமாக ஒலிக்கும் இடங்களில் ஒலி வெடிப்பதற்கு முன் சின்ன மௌனம் இருக்கும். அலைவரியில் அது வெற்றிடமாகத்தான் தெரியும், அதனால் பலர் அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். "பட்டம்" என்பது எங்கிருந்தோ தள்ளிவிட்டது போல ஒலிக்கும். முடிவு ஓரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே வையுங்கள்.

பழைய_டேப்:

அடாசிட்டியில் (இன்னொரு ஒலி எடிட்டர்) இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஓடும்போதே கன்ட்ரோல்+எம் அடித்தால் அந்த இடத்தில் லேபிள் விழும், நான் ஒரு அத்தியாயம் முழுவதும் வெட்டாமல் கேட்டு லேபிள் மட்டும் போடுவேன், இரண்டாவது சுற்றில்தான் வெட்டு. பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+பி (B) போட்டால் அந்த நீளத்துக்கே லேபிள் வரும், எல்லாம் முடிந்ததும் லேபிள் உள்ள ஒலியை ஒரே தடவையில் நீக்க எடிட் மெனுவில் வழி இருக்கிறது. மேக்ரோ மேனேஜரில் வரிசையாகக் கட்டளை போட்டு அந்த மேக்ரோவுக்கும் கீ கொடுக்கலாம், ஆனால் "இருந்தால் மட்டும்" என்பது மேக்ரோவில் கிடையாது. அதற்கு வெளியிலிருந்து பைத்தானில் பேசும் ஸ்கிரிப்ட் பைப் மாட்யூல் ஒன்று உண்டு, அதை ப்ரிஃபரன்ஸஸில் இயக்கிவிட்டு அடாசிட்டியை மூடித் திறக்கவேண்டும். இந்த அளவுக்குப் போகிறவர்கள் ரீப்பருக்கே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன், நானே சோம்பலில் வரவில்லை.

கேட்டுக்கொண்டே வெட்டுவது எனக்கு ஒத்துவராது. வெட்டும் கை கதையைக் கேட்காது, "அவன்" "அவள்" மாதிரிப் பிழை எல்லாம் காதில் விழாமல் போகும்.

இரவுக்காது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன். முதல் தடவை ரிட்டர்ன் வரியை இஃபுக்கு வெளியே போட்டுவிட்டு எஃப்8 ஏன் செத்துக் கிடக்கிறது என்று அரை மணி நேரம் தேடினேன், அதைத் தவிர வேறு சிக்கல் இல்லை. 30 நொடி எனக்கு அதிகம், இந்த வாசிப்பாளர் 15 நொடிக்கு மேல் எதையும் திரும்பப் படிப்பதில்லை, அதனால் 20 வைத்திருக்கிறேன். ஓசாரா இஃபும் சேர்த்துவிட்டேன், செவிவழி அவர்களே, பெயர் மட்டும் "வாக்கியம் நீக்கம்", கோப்பு வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

பழைய டேப் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. நேற்று வெட்டிக்கொண்டே கேட்டதில் ஒரு முழுப் பத்தி விட்டுப்போயிருந்ததைக் கவனிக்கவில்லை, எழுத்துப் பிரதியைக் கையில் வைத்திருந்தும். அடுத்த நூலுக்கு முதல் சுற்று எம் கீயில் மார்க்கர் மட்டும் போடப்போகிறேன். எம் எழுத்துக் கீ என்பது இப்போதுதான் உறைக்கிறது, அதை நம்பர் பேடுக்கு மாற்றவேண்டும்.

ஏழாம் அத்தியாயம் மறுபடி முடிந்தது. 64 வெட்டு, ஆட்டோஹாட்கீயை நீக்கிவிட்டேன், நோட்பேடு பக்கத்தில் திறந்திருக்கிறது, கீபோர்டு முழு நேரமும் தமிழ்99-இலேயே இருந்தது. வேண்டுமென்றே மாற்றவில்லை.